வெட்டுண்ட விரலைப் பொருத்திய பின்னர்...



ஒரு விரலின் பெறுமதி என்ன என்று கேட்டால் ஃபிக்ஹு படித்த எவரும் தயங்காமல் பதில் சொல்வார்: பத்து ஒட்டகம். ஒருவருடைய விரலைத் தவறுதலாக வெட்டிவிட்டவர் கொடுக்க வேண்டிய நட்டஈடு அது. பெருவிரலுக்கும் சின்னிவிரலுக்கும் இதில் வித்தியாசம் இல்லை. இந்தப் பாடத்தை நான் பல வருடங்களாக மத்ரஸாவில் நடத்தி வந்திருக்கிறேன். ஆனால் ஒரு விரலைக் காப்பாற்றுவது எத்தனை பெரிய காரியம் என்பதை 2012ஆம் ஆண்டில், என் தங்கச்சியின் கணவருக்கு விபத்து நடந்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

மச்சான் மரத்தளபாடம் செய்கிறவர். ஒருநாள் அஸருக்குப் பின்னர் வட்டவாள் மெசினில் பலகை அறுத்துக்கொண்டிருந்தபோது, இடக்கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் துண்டாகி விழுந்துவிட்டன. பட்டறையில் வேலை பழக வந்திருந்த பையனுக்குப் பதினேழு வயதுதான் இருக்கும். அவன் பதறவில்லை. சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து விரல்களை அதில் சுற்றினான். பொலித்தீன் பையொன்றில் இட்டு இறுக்கிக் கட்டினான். அந்தப் பையை ஐஸ்கட்டி போட்ட தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு கூடவே போனான். பாடசாலையில் முதலுதவிப் பயிற்சியில் படித்ததாம். விரலை நேரடியாக ஐஸ்கட்டியில் போட்டிருந்தால் அது உறைந்து கெட்டுப் போயிருக்கும். விரலில் சதைப்பிடிப்பு அதிகம் இல்லாததால், இவ்வாறு குளிரில் பேணப்பட்ட விரல் ஏறக்குறைய ஒரு நாள் வரையும் தாங்கும் என்கிறார்கள். என்றாலும் எவ்வளவு சீக்கிரம் கொண்டு போகிறோமோ அவ்வளவு நல்லது. காயத்தில் கோப்பித்தூளோ மஞ்சளோ பற்பசையோ அப்ப வேண்டாம். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைத்துக்கொண்டு, 1990 அம்பியுலன்ஸை அழையுங்கள்.

இஷாவுக்குப் பின்னர் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் கொண்டு போனவரை ஸுபஹுக்குப் பின்னர்தான் வெளியே கொண்டு வந்தார்கள். இரண்டு விரல்களும் பொருத்தப்பட்டிருந்தன. விரலில் ஓடும் இரத்தக்குழாய் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் பருமன்தான். அதை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைக்கிறார்கள். முற்றாகத் துண்டான ஒரு பெருவிரலை இந்த முறையில் முதன்முதலாக வெற்றிகரமாகப் பொருத்தியவர்கள் ஜப்பானின் நாரா மாகாண வைத்தியர்களான கொமாட்சுவும் தமாயும். அது 1965ஆம் ஆண்டு நடந்தது.

மச்சானை வெளியே கொண்டு வந்த அன்று லுஹருக்குப் பின்னர் தங்கச்சியிடமிருந்து எனக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது.

“நானா, டொக்டர் வயித்துல ஒரு ஊசி போடணும் எண்டு சொல்றார். அது பண்டிட குடல்லருந்து எடுக்கிறதாம். மிஸ்ஸி நல்லத்துக்குத்தான் சொன்னா, நீங்க முஸ்லிம்தானே எண்டு கேட்டு. போட விடவா, வேணாமா?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “கொஞ்சம் பொறு, பெரிய ஹஸரத்திடம் கேட்டுச் சொல்கிறேன்” என்றேன்.

பெரிய ஹஸரத் அன்று பயணத்தில் இருந்தார். அவருடைய தொலைபேசி எடுபடவில்லை. நான் கிதாபுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இஷாவுக்குப் பின்னர்தான் அவர் கிடைத்தார். நான் கேட்டு முடிக்கும் முன்னரே, “இதற்கா இவ்வளவு நேரம் வைத்துக்கொண்டிருந்தீர்? உடனே போடச் சொல்லும்” என்றார். ஊசி போடப்பட்டபோது ஏழு மணித்தியாலங்கள் கழிந்திருந்தன.

மறுநாள் நடுவிரலின் நிறம் மாறத் தொடங்கியது. மூன்றாம் நாள் அது கறுத்துவிட்டது. மீண்டும் கூடத்துக்குக் கொண்டு போய் அதை அகற்ற வேண்டியதாயிற்று. சுட்டுவிரல் பிழைத்தது.

பின்னர் வைத்தியரைத் தனியாகச் சந்தித்து, என்னால்தான் அந்த விரல் போயிற்றா என்று கேட்டேன். அவர் நேர்மையான மனிதர். “வாளால் அறுபட்ட விரல்களில் குழாய் நசிந்திருக்கும். எல்லா மருந்தும் நேரத்துக்குக் கொடுத்தும் பிழைக்காத விரல்கள் உண்டு. இந்த ஊசியை எல்லா வைத்தியர்களும் கொடுப்பதும் இல்லை. உங்களால்தான் என்று சொல்ல முடியாது. இல்லவே இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது” என்றார். தங்கச்சி இன்றுவரை இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

எனக்கு வெட்கம் தந்த விடயம் வேறொன்று. எலும்பு முறிந்தவருக்குச் சுத்தமான எலும்பு கிடைக்காதபோது அசுத்தமான எலும்பை வைத்துப் பொருத்தினால் அது மன்னிக்கப்படும் என்பது நம் ஷாஃபிஈ மத்ஹபின் கிதாபுகளில் உள்ள சட்டம். இமாம் நவவி அவர்களின் ‘மின்ஹாஜ்’ நூலில் நான் படித்துக் கொடுத்த இடம் அது. பாடமாகத் தெரிந்திருந்த சட்டம் ஒரு வாட்டின் வாசலிலிருந்து கேள்வியாக வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அந்த ஊசியின் பெயர் ஹெபரின். அதன் வகைகளில் ஒன்றான எனொக்ஸபரின் என்பதைத்தான் பெரும்பாலும் வயிற்றுத் தோலின் கீழ் ஏற்றுகிறார்கள். இரண்டும் பெரும்பாலும் பன்றியின் குடற்படலத்திலிருந்தே தயாரிக்கப்படுகின்றன. மாட்டிலிருந்து எடுக்கும் ஹெபரினைப் பாவிக்கும் நாடுகளும் உண்டு. முழுவதும் செயற்கையாகச் செய்த ஃபொண்டபரினக்ஸ் என்ற மருந்தும் உண்டு. நோயாளிக்குப் பொருத்தமான மாற்று மருந்து கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று வைத்தியரிடம் கேட்பதில் தவறில்லை. கேளுங்கள். இல்லை என்றாலோ, பொருத்தம் இல்லை என்றாலோ, நிர்ப்பந்தம் தடுக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்பது மார்க்கத்தின் பொது விதி. சூரா பகராவின் 173ஆம் வசனத்தில் அதற்கு அடிப்படை இருக்கிறது. 1995ஆம் ஆண்டு குவைத்தில் உலமாக்களும் வைத்தியர்களும் கூடி, மருந்துகளில் சேரும் தடுக்கப்பட்ட பொருட்களைப்பற்றி விரிவாக ஆராய்ந்தார்கள். பன்றியிலிருந்து எடுத்த இன்சுலினை நீரிழிவு நோயாளிகள் தேவையின் நிமித்தம் பாவிக்கலாம் என்று அங்கு கூறப்பட்டது. ஆகவே எங்களைத் தேடிக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள். ஆலிம் ஒருவர் தொலைபேசியில் கிடைக்கவில்லை என்பதற்காக ஒரு வேளை மருந்து தவறக்கூடாது.

இன்னொரு கேள்வியும் பெண்கள் பகுதியிலிருந்து வந்தது. உடலிலிருந்து பிரிந்த விரல் நஜீஸ் அல்லவா, அதை ஒட்டிக்கொண்டு தொழலாமா? மனிதனின் பிரிந்த உறுப்பு சுத்தமானது என்பதே நம் மத்ஹபின் முடிவு. பேசாமல் தொழச் சொல்லுங்கள்.

மருந்து ஏன் இத்தனை?

வயலுக்கு நீர் பாய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். வாய்க்காலின் கரை உடைந்து, அதை மண் போட்டுக் கட்டிய இடத்தில் சருகும் குப்பையும் வந்து தங்கும். இரத்தக்குழாயில் தையல் போட்ட இடமும் அப்படித்தான். குழாய் காயப்பட்டிருப்பதைக் கண்டவுடன் இரத்தத்தில் உள்ள சிறுதட்டுகள் ஓடி வந்து அங்கே ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் இரத்தம் உறையும். நமது உடலில் எங்கே வெட்டுப்பட்டாலும் இரத்தப் பெருக்கை நிறுத்த அல்லாஹ் வைத்திருக்கும் ஏற்பாடு இது. ஆனால் ஒரு மில்லிமீற்றர் குழாயில் கடுகளவு உறைவு போதும், விரல் பட்டினி கிடந்து இறந்துவிடும்.

வரும் வழி அடைபட்டால் விரல் வெளிறிக் குளிர்ந்து போகும். திரும்பும் வழி அடைபட்டால் நீலமாகி வீங்கும். முதல் மூன்று நாட்களில்தான் இந்த அபாயம் அதிகம். வாட்டில் தாதிமார் மணிக்கொரு தடவை வந்து விரலைத் தொட்டும் அழுத்தியும் பார்ப்பது இதற்காகத்தான்.

அஸ்பிரின் அந்தச் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கிறது. ஒரு சிறுதட்டின் ஆயுள் ஏழு முதல் பத்து நாட்கள். அஸ்பிரின் பட்ட சிறுதட்டு சாகும்வரை எழும்பாது. ஆனால் உடலில் நாள்தோறும் புதியவை பிறந்துகொண்டிருக்கும். அதனால்தான் குளிசை ஒவ்வொரு நாளும் தேவை. ஹெபரின் வேறு வழியில், இரத்தம் கட்டிபடும் வேலையையே மெதுவாக்குகிறது. இவற்றோடு கிருமி தொற்றாமல் இருக்க அன்டிபயோடிக், ஏற்பு ஊசி, நோவுக்கு மருந்து, உடலில் நீர் குறையாமல் சேலைன். எது யாருக்கு எவ்வளவு என்பதை அந்தந்த வைத்தியர்தான் தீர்மானிப்பார். ஒருவருக்குக் கொடுத்ததை மற்றவருக்கு ஏன் கொடுக்கவில்லை என்று வாட்டில் சண்டை பிடிக்காதீர்கள்.

திரும்பும் வழி அடைபட்ட விரலுக்கு அட்டை விடுவார்கள் என்று சொன்னால் நம்புவீர்களா? இப்னு ஸீனா தம்முடைய ‘கானூன்’ நூலில் அட்டையைப்பற்றி எழுதியிருக்கிறார். நமது யூனானி வைத்தியர்களுக்கும் அது புதிதல்ல. ஆங்கில வைத்தியம் இடையில் அதைக் கைவிட்டுவிட்டு, பின்னர் இந்தச் சத்திரசிகிச்சைக்காகத் திரும்ப எடுத்துக்கொண்டது. 2004ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கமே வைத்திய அட்டைக்கு அனுமதி வழங்கியது. அட்டையின் உமிழ்நீரில் இரத்தம் உறையாமல் காக்கும் ஹிருடின் என்ற பொருள் இருக்கிறது. தேங்கிய இரத்தத்தை அது உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது, விரலில் புதிய குழாய்கள் வளரச் சில நாட்கள் அவகாசம் கிடைக்கும். ஆனால் அது இதற்கென்றே வளர்க்கப்பட்ட அட்டை. அதன் குடலிலும் ஒரு கிருமி இருப்பதால் அதற்கெனத் தனியாக அன்டிபயோடிக் கொடுத்தே விடுகிறார்கள். இதைப் படித்துவிட்டு வயலில் அட்டை பிடித்து யாரும் வீட்டில் விட்டுப் பார்க்க வேண்டாம். விரல் நீலமாகத் தெரிந்தால் அது வைத்தியசாலைக்கு ஓட வேண்டிய நேரம்.

வீட்டுக்கு வந்த பிறகு

இனித்தான் உங்கள் பொறுப்பு தொடங்குகிறது. வைத்தியசாலையில் வேளைக்கு வேளை தாதி மருந்து கொண்டு வந்து நின்றார். வீட்டில் அந்த இடத்தில் உம்மாவோ மனைவியோ மகளோ நிற்க வேண்டும்.

மருந்து கொடுக்கும் கடதாசி உறையில் என்ன எழுதியிருக்கிறது என்பதே பல வீடுகளில் முதற் பிரச்சினை. சிங்களத்தில் இருக்கும், அல்லது ஆங்கிலத்தில் இரண்டு கிறுக்கல் இருக்கும். பீ.டீ. என்றால் நாளுக்கு இரண்டு வேளை. ரீ.டீ.எஸ். என்றால் மூன்று வேளை. மேனே என்றால் காலை, நொக்டே என்றால் இரவு. விளங்காவிட்டால் மருந்து தரும் யன்னலிலேயே நின்று கேளுங்கள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். கேட்டதை அங்கேயே தமிழில் உறையின்மீது எழுதிக்கொள்ளுங்கள். தங்கச்சி ஓர் அப்பியாசக் கொப்பியில் கோடு போட்டு, ஸுபஹ், லுஹர், அஸர், இஷா என்று பிரித்து, கொடுத்த வேளைக்கெல்லாம் அடையாளமிட்டு வந்தாள். ‘கொடுத்தேனா, இல்லையா’ என்ற சந்தேகத்தில் இரண்டு தடவை கொடுப்பது நம் வீடுகளில் சாதாரணமாக நடப்பதுதானே.

அஸ்பிரினைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதற்காகத் தருவது பெரும்பாலும் 75 அல்லது 100 மில்லிகிராம் கொண்ட சின்னக் குளிசை. சில வாரங்களுக்குத் தருவார்கள். சின்னக் குளிசைதானே என்று விட்டுவிடுவதும், தலையிடிக்கென்று கடையில் வாங்கும் 300 மில்லிகிராம் டிஸ்பிரினும் அஸ்பிரின்தான் என்பது தெரியாமல் அதையும் மேலதிகமாகக் கொடுப்பதும், இரண்டுமே பிழை. சாப்பாட்டுக்குப் பின்னர் கொடுங்கள். வயிற்றெரிவு வந்தால் நீங்களாக நிறுத்திவிடாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். வயிற்றைப் பாதுகாக்கும் குளிசை ஒன்றைச் சேர்த்துத் தருவார். மலம் தார்போலக் கறுத்துப் போனாலோ, வாந்தியில் இரத்தம் தெரிந்தாலோ கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்கக் கூடாது. அன்றே போக வேண்டும்.

நோவுக்கு வழமையான பெனடோல் பெரும்பாலும் போதும். வளர்ந்த ஒருவருக்கு ஒரு தடவைக்கு இரண்டு, இடையில் குறைந்தது நான்கு மணித்தியாலம், 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் கூடாது. உடல் மெலிந்தவர்களுக்கும் ஈரல் வருத்தம் உள்ளவர்களுக்கும் இதிலும் குறைவாகவே கொடுக்க வேண்டும். தடிமனுக்கு விற்கும் பல குளிசைகளிலும் இதே பரசிட்டமோல் இருப்பதைக் கணக்கில் எடுங்கள். பக்கத்து வீட்டு மாமி முழங்கால் நோவுக்கு எடுக்கும் ப்ரூபனையோ வொல்டரனையோ இரவல் வாங்கிக் கொடுக்க வேண்டாம். அஸ்பிரினோடு சேர்ந்தால் அவை வயிற்றில் இரத்தக் கசிவை உண்டாக்கலாம். ப்ரூபன் அஸ்பிரினின் வேலையையே கெடுத்தும் விடலாம்.

காய்ச்சல் வந்தால்? நமது நாட்டில் இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். அது காயத்தில் கிருமி ஏறியதாலும் இருக்கலாம், டெங்குவாகவும் இருக்கலாம். டெங்குவில் சிறுதட்டுகள் தாமாகவே குறைந்துவிடும். அந்த நேரத்தில் அஸ்பிரின் உடலில் இருப்பது ஆபத்து. ஆகவே அஸ்பிரின் எடுக்கும் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டி, இன்ன சத்திரசிகிச்சை நடந்தது, இன்ன குளிசை எடுக்கிறார் என்று சொல்லுங்கள். சைக்கிள் சங்கிலியில் விரலைக் கொடுத்துவிட்ட சின்னப் பிள்ளைகள் விடயத்தில் இன்னும் கவனம் தேவை. பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு வைத்தியர் எழுதித் தந்தாலன்றி அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. காய்ச்சலோ கொப்பளிப்பானோ உள்ள பிள்ளைக்கு அஸ்பிரின் கொடுத்தால், அரிதாகவேனும், மூளையையும் ஈரலையும் தாக்கும் ரைஸ் என்ற நோய் வரக்கூடும்.

அன்டிபயோடிக் விடயத்தில் எங்கள் வீட்டிலும் ஒரு சிறு கதை நடந்தது. மச்சானின் உம்மா, “இந்த மருந்து சூடு, காயம் காய்ஞ்சிட்டுத்தானே” என்று கடைசி மூன்று நாள் குளிசையைக் கொடுக்காமல் ஒளித்து வைத்துவிட்டார். கொப்பியில் அடையாளம் இல்லாததைப் பார்த்துத் தங்கச்சி கண்டுபிடித்தாள். வெளியே காய்ந்திருப்பது உள்ளே ஆறியதற்கு அத்தாட்சி ஆகாது. மாமியோடு எப்படிப் பேசித் தீர்த்தாள் என்று நான் கேட்கவில்லை. அது அவர்களுடைய விடயம்.

மருந்துக்கு எதிரி சிகரட். நிக்கொட்டின் உடலில் ஏறியதும் விரலின் சிறு குழாய்கள் சுருங்குகின்றன. எத்தனை அஸ்பிரின் கொடுத்தாலும் சுருங்கிய குழாயில் இரத்தம் ஓடாது. நோயாளி மட்டுமல்ல, அவரைப் பார்க்க வருபவர்களும் அந்த அறையில் புகைக்கக் கூடாது. ‘இரண்டு வாரமாக அவர் ஒன்றும் குடிக்கவில்லை பாவம், ஒன்றே ஒன்று’ என்று நண்பர்கள் மறைத்துக் கொண்டுவரும் அந்த ஒன்றே ஒன்றால் விரல் போகலாம். வாசலில் நின்று சட்டைப்பையைப் பார்த்து அனுப்புங்கள், வெட்கப்பட வேண்டாம். வெற்றிலையோடு புகையிலை போடுவதும் இதே வகைதான். வயதான உம்மாமாரும் வாப்பாமாரும் இதைப் புகைப்பதாகக் கணக்கெடுப்பதில்லை, ஆனால் நிக்கொட்டின் ஒன்றுதான்.

தேத்தண்ணியையும் கோப்பியையும் சில வாரங்களுக்குப் பல வைத்தியர்கள் தடுக்கிறார்கள். சிகரட்டுக்கு இருப்பதுபோல் இதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று சொல்பவர்களும் அவர்களிலேயே இருக்கிறார்கள். ஆனாலும் சத்திரசிகிச்சை செய்தவர் வேண்டாம் என்றால் வேண்டாம். பிளேன்டீக்குப் பதிலாக இளஞ்சூட்டுப் பாலோ கொத்தமல்லித் தண்ணீரோ கொடுங்கள். கேட்டுக் கேட்டு நச்சரிப்பார், பொறுமை தேவை.

சுருக்கும் வேலையைச் செய்யும் வேறு மருந்துகளும் உண்டு. மூக்கடைப்புக்கு எடுக்கும் சில தடிமன் குளிசைகள், ஒற்றைத் தலையிடிக்குக் கொடுக்கும் எர்கொட்டமின் ஆகியவை அந்த வகை. பார்மசியில் எதை வாங்கினாலும், விரல் பொருத்திய நோயாளிக்கு என்று சொல்லி வாங்குங்கள். சீனி வருத்தம், பிரஷர், இருதய நோய் ஆகியவற்றுக்கு ஏற்கனவே எடுக்கும் குளிசைகளின் உறைகளையும் கிளினிக்குக்கு எடுத்துச் செல்லுங்கள்.

கருஞ்சீரகத்தையும் தேனையும் நான் சொல்லாமல் விட்டால் நீங்களே கேட்பீர்கள். கருஞ்சீரகத்தின் சிறப்பை எடுத்துச் சொல்லும் ஹதீஸை நான் மறுப்பவனா? ஆனால் கருஞ்சீரக எண்ணெயும் உள்ளிக் குளிசையும் இரத்தம் உறைவதை ஓரளவு மெதுவாக்கக் கூடியவை. அஸ்பிரினும் ஹெபரினும் எடுக்கும் உடலில் அவையும் கரண்டிக் கணக்கில் சேர்ந்தால் அளவு மீறிவிடலாம். கறிக்குப் போடும் உள்ளியைப்பற்றிப் பயப்படத் தேவையில்லை. மருந்தாகக் கொடுப்பதென்றால் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுக் கொடுங்கள். தேனைக் காயத்தில் பூச வேண்டாம், கட்டை அவிழ்க்க வேண்டாம்.

பாதிக்கப்பட்டவர் பெண்ணாக இருந்தால் இன்னும் சில விடயங்கள் இருக்கின்றன. கிரைண்டரிலும் தேங்காய் துருவும் மெசினிலும் கை போகிறவர்கள் நீங்கள்தானே. கர்ப்பமாக இருந்தாலோ, அப்படி ஒரு சந்தேகம் இருந்தாலோ, பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ, ஆண் வைத்தியர் என்று கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். தாதியிடமாவது சொல்லிவிடுங்கள். கொடுக்கும் மருந்து அதற்கேற்ப மாறும். இந்த மருந்துகள் எடுக்கும் காலத்தில் மாதவிடாய் வழமையைவிட அதிகமாகப் போகலாம். மிக அதிகமாக இருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

நோன்பைப்பற்றி. எங்கள் மச்சானின் விபத்து நடந்து பதினாறாம் நாள் றமழான் பிறந்துவிட்டது. சுகமாகிவிட்டது, நோன்பு பிடிக்கப் போகிறேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். உடலில் நீர் குறைந்தால் இரத்தம் தடித்துப்போகும், குழாயின் ஓட்டம் மந்தமாகும். எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டிய குளிசையை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் இடையில் எப்படிக் கொடுப்பது? நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை மறுப்பது பக்தி ஆகாது. வைத்தியர் பிடிக்கலாம் என்று சொல்லும்வரை நோன்பை விட்டு, பின்னர் கழா செய்யட்டும். இந்த முறை நான் பெரிய ஹஸரத்தைத் தேடவில்லை. நேரே அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு, ஒரு கோப்பை கஞ்சியை என் கண் முன்னே குடிக்க வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

வுழூச் செய்யும்போது கட்டு நனையக் கூடாது. கழுவ முடிந்த உறுப்புகளைக் கழுவி, கட்டுக்காகத் தயம்மும் செய்துகொள்ளும் முறை இருக்கிறது. அதன் விபரத்தைக் காயத்தின் நிலைக்கேற்ப உங்கள் ஊர் ஆலிமிடம் ஆறுதலாகக் கேட்டுக்கொள்ளலாம். ஊசியைப்போல இது அவசரமானதல்ல. கட்டை அவிழ்த்த பின்னரும் குளிர்ந்த தண்ணீரில் கவனம் தேவை. பொருத்திய விரல் குளிரைத் தாங்காது. ஓரிரு வருடங்களுக்கு, சிலருக்கு அதற்கும் மேலாக, குளிர் பட்டவுடன் வெளிறி நோவெடுக்கும். அதற்குக் குளிசை கேட்டு அலைவதைவிட, தண்ணீரைக் கொஞ்சம் சூடாக்கிக் கொடுப்பது மேல். நரம்பு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர்தான் வளரும் என்பதால் உணர்ச்சி வரப் பல மாதங்கள் எடுக்கும். உணர்ச்சி இல்லாத விரல் சுடுபானையில் பட்டாலும் அவருக்குத் தெரியாது, நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மச்சான் இப்போதும் பட்டறை நடத்துகிறார். பொருத்திய சுட்டுவிரல் முழுமையாக மடங்காது, ஆனால் ஆணியைப் பிடிக்கும். மார்கழிக் குளிரில் ஸுபஹுக்கு வரும்போது, தங்கச்சி பின்னிக் கொடுத்த கம்பளி உறையொன்றை அந்த ஒரு விரலுக்கு மாத்திரம் போட்டுக்கொண்டு வருவார்.

இந்தக் கட்டுரைக்காகச் சென்ற மாதம் அவர்கள் வீட்டுக்குப் போய் அந்தக் கொப்பியைக் கேட்டேன். அலுமாரியின் மேல்தட்டிலிருந்து கொப்பியை எடுத்தபோது, அதன் பின்னால் ஒரு சின்னப் போத்தலும் இருந்தது. மீதமான அஸ்பிரின். மாமிக்கு நெஞ்சுநோவு வந்தால் உதவும் என்று எடுத்து வைத்தாளாம். மூடியைத் திறந்ததும் வினாகிரி வாடை அடித்தது. குளிசை கெட்டுப்போனால் அப்படித்தான் மணக்கும். காலாவதித் திகதியைப் பார்த்தோம், 2014 என்று இருந்தது. பேரப்பிள்ளைகளின் கைக்கு எட்டாதபடி கடதாசியில் சுற்றிக் கட்டி, அன்றைக்கே அதை வெளியேற்றினோம்.